அத்தானுக்காக ஒரு தாமதம்

அந்த வருஷம் கார்த்திகை மழை எங்கள் கோயில் கூரையில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து, நேராக ஆர்கனுக்குள் இறங்கிவிட்டது. பாளையங்கோட்டையில் நாங்கள் சர்ச் என்று சொல்வதில்லை, கோயில் என்றுதான் சொல்வோம். ஆர்கன் என்றதும் ஒரு கையால் துருத்தி அமுக்குகிற ஆர்மோனியத்தை நினைத்துவிட வேண்டாம். இது கோயிலின் பின்பக்க மாடியில், சுவர் உயரத்துக்குக் குழாய் குழாயாக நிற்கிற ராட்சசன். வெள்ளைக்காரர் காலத்தில் கப்பலில் வந்தது. கட்டையை அமுக்கினால் எங்கேயோ ஒரு வால்வு திறந்து, எங்கேயோ காற்று ஓடி, எங்கேயோ ஒரு குழாய் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி பாடித் தொலைப்போம் என்று பாடும்.

அதற்குக் காற்றடிக்கிற மோட்டார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முதல் பாட்டின் இரண்டாம் சரணத்தில் புகைவிட்டது. எங்கள் சபையில் சாம்பிராணி போடுகிற வழக்கம் கிடையாது. ஆகவே எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பியது.

வாசித்துக்கொண்டிருந்தவர் என் அத்தான். அக்காவைக் கட்டியவர். தாலுகா ஆபீசில் கிளார்க். திங்கள் முதல் சனி வரை அவர் யார் என்று கேட்டால் பக்கத்து மேஜைக்காரரே யோசித்துத்தான் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை அந்த மாடி பெஞ்சில் ஏறி உட்கார்ந்தால் மட்டும் ஆள் வேறு. கோயிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பதால், முன்னால் நடப்பதைப் பார்க்க லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்றை ஆர்கனில் முடுக்கி வைத்திருந்தார். அந்தக் கண்ணாடிக்குள் ஆயர், பாடகர் குழு, தூங்குகிறவர், தூங்குகிறவரை இடிக்கிறவர் எல்லாரும் குட்டி குட்டியாகத் தெரிவார்கள். அத்தான் அவர்கள் எல்லாரையும் மேய்த்துக்கொண்டு போகிற டிரைவர் மாதிரி வாசிப்பார்.

மோட்டார் புகைந்த அன்று மத்தியானம் அவர் சோற்றைத் தொடவில்லை.

கோயில் கமிட்டிச் செயலாளர் ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சி. காரியக்காரர். சாயங்காலமே குடையும் கையுமாக அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ரிப்பேர் பாக்கிற ஆள் பொங்கல் கழிஞ்சுதான் வருவானாம். வார ஞாயித்துக்கிழமை கிறிஸ்துமஸ் கேரல் சர்வீஸுக்கு என்ன செய்ய? நாகர்கோவில்ல ஒரு கீபோர்டு பார்ட்டி இருக்கு வே. ஒத்தை ஆள்தான். ஒரு பொத்தானைத் தட்டினா டிரம்ஸையும் அதுவே அடிச்சுக்கிடும்."

"டிரம்ஸா? கேரல் சர்வீஸுக்கா?" என்றார் அத்தான். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது என்று சொன்னால் எப்படிக் கேட்பாரோ, அப்படி.

"சின்னப் பிள்ளைய எல்லாம் அதைத்தான் கேக்காங்க. ஒரு வருஷம் கேட்டுப் பாப்பமே."

அந்த ஒரு வருஷம் எப்படிப்பட்டது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். டிரம்ஸ் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் வெளியே போகாது. ஆர்கன் ரிப்பேர், அடுத்த கூட்டத்துக்கு அடுத்த கூட்டம் என்று தள்ளிக்கொண்டே போகும். அத்தான் கீழே வரிசையோடு வரிசையாக உட்கார்ந்து, கண்ணாடியில்லாமல் எல்லாரையும் ஒரே அளவில் பார்க்க வேண்டியதுதான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு கேரல் சர்வீஸ்கூட விடாமல் வாசித்தவர். அக்கா பிரசவ வலியில் இருந்தபோதும் கேரல் சர்வீஸை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அதை அக்கா இன்னும் மறக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அவர் முகத்தைப் பார்த்ததும் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"நான் பாத்துக்கிடுதேன் அத்தான். கம்ப்யூட்டர்ல ஆர்கன் செஞ்சிருவோம்."

அது தொண்ணூறுகளின் கடைசி. தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்த காலம். முருகன்குறிச்சியில் ஒரு மெடிக்கல் ஷாப்பின் மாடியில் நானும் ஒன்றை நடத்தி வந்தேன். செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஏனென்று கேட்டால் தூசி கம்ப்யூட்டருக்கு ஆகாது என்பேன். தூசி வழக்கம்போல ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. அங்கே இருந்த பெட்டிகளில் ஒன்றில் மட்டும் சவுண்ட் கார்டு இருந்தது. அந்த ஒரு பெட்டியால் என்னை ஊரில் விஞ்ஞானி என்று நம்பினவர்கள் உண்டு. அவர்களில் முதல் ஆள் நான்.

செயலாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சனிக்கிழமை ஒத்திகை. அங்கன வாசிச்சுக் காட்டட்டும். நல்லா இருந்தா ஞாயித்துக்கிழமை இவரே வாசிக்கட்டும். இல்லைன்னா நாகர்கோவிலுக்குப் போனைப் போட்டுருவேன். பொறவு என் மேல வருத்தப்படப்பிடாது."

அவர் தெருமுனையைத் தாண்டியதும் அத்தான் என் பக்கம் திரும்பினார். "ஏலே, நெசமாவே முடியுமா? இல்ல சும்மா வாயி அடிக்கியா?"

"முடியும் அத்தான்."

"இவன் எங்க வீட்டு மிக்ஸியைச் சரி பண்ணுதேன்னு சொன்னப்பவும் இதே மாதிரித்தான் சொன்னான்" என்றாள் அக்கா.

பொருட்கள் சேர்ந்த வேகம் எனக்கே ஆச்சரியம். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு சிடியில், கீபோர்டில் கட்டையை அமுக்கினால் பைப் ஆர்கன் குரலில் பாடுகிற ஒரு புரோகிராம் இருந்தது. டவுனில் மெல்லிசைக் கச்சேரி நடத்துகிற ஒருவரிடம் கெஞ்சி ஒரு கீபோர்டு வாங்கினேன். அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற வயரும் அவரே கொடுத்தார். சவுண்ட் கார்டின் முதுகில் வீடியோ கேம் பிடியை மாட்டுவதற்கென்று ஒரு ஓட்டை உண்டு. அந்த வயர் அதில்தான் போய் உட்காரும். விளையாட்டு ஓட்டை வழியாக ஞானப்பாட்டு உள்ளே போகப் போகிறது என்பதில் எனக்கு அப்படியொரு குஷி.

திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் மாட்டி, ஒரு கட்டையை அமுக்கினேன்.

ஒன்றும் இல்லை.

வயரைப் பார்க்கலாம் என்று குனிந்தபோது, ஸ்பீக்கரிலிருந்து 'ப்பாஆம்' என்று ஒரு பெருங்குரல் எழுந்தது. மேஜைக்கடியில் தலையை இடித்துக்கொண்டேன். சத்தம் என்ன அருமையான சத்தம்! குழாய், காற்று, கல் கட்டடம் எல்லாம் அதற்குள் இருந்தது. ஒரே குறை, அது பின்னால் வந்தது. இப்போது அமுக்கினால் பிறகு கேட்கும். வேகமாக வாசித்தால் நான் முடித்து எழுந்த பிறகும் ஸ்பீக்கர் தனியாக வாசித்துக்கொண்டிருந்தது.

இதற்கு லேட்டன்சி என்று பெயர். விஷயம் சின்னது. கம்ப்யூட்டர் சத்தத்தைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடாது. ஒரு குடத்தில் பிடித்து, நிறைந்த பிறகுதான் ஊற்றும். குடம் பெரிதென்றால் நிறைய நேரமாகும். அதுதான் தாமதம். குடத்தைச் சின்னதாக்கினால் உடனே ஊற்றிவிடலாம். ஆனால் அடுத்த குடம் நிறைவதற்குள் கையில் இருப்பது காலியாகிவிட்டால் சத்தத்தில் ஓட்டை விழும். ஸ்பீக்கரில் அப்பளம் பொரியும். அந்த புரோகிராமில் குடத்தின் அளவை மாற்றுவதற்கு ஒரு சின்னத் தள்ளுகட்டை இருந்தது. மவுசால் இடப்பக்கம் தள்ளினால் தாமதம் குறையும், அப்பளம் கூடும். வலப்பக்கம் தள்ளினால் அப்பளம் அடங்கும், தாமதம் கூடும்.

அந்த ஒரு வாரம் நான் வாழ்ந்தது அந்தத் தள்ளுகட்டையின் மேல்தான்.

தாமதத்தை அளக்க நானே ஒரு முறை கண்டுபிடித்தேன். கட்டையை அமுக்குகிற அதே நேரத்தில் "திருநெல்வேலி" என்று சொல்ல ஆரம்பிக்க வேண்டும். எந்த எழுத்தில் சத்தம் வருகிறதோ அதுதான் அளவு. திங்கட்கிழமை முழு திருநெல்வேலியையும் சொல்லி முடித்து, வாயை மூடிய பிறகுதான் சத்தம் வந்தது.

செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டரை மொட்டையடிக்க ஆரம்பித்தேன். சும்மா விட்டால் திரையில் மீன் நீந்துமே, அதைத் தூக்கினேன். குற்றால அருவிப் படத்தைத் தூக்கினேன். வைரஸைப் பிடிக்கிற புரோகிராமைத் தூக்கினேன். மூலையில் ஓடிய கடிகாரத்தைக்கூட விடவில்லை. கம்ப்யூட்டருக்கு சத்தம் போடுவதைத் தவிர வேறு எந்த நினைப்பும் வரக்கூடாது. ஒவ்வொன்றாகத் தூக்கத் தூக்க, தள்ளுகட்டையை ஒரு நூல் இடப்பக்கம் நகர்த்த முடிந்தது. சாயங்காலம் "திருநெல்" என்னும்போதே சத்தம் வந்துவிட்டது. எனக்கு உட்கார முடியவில்லை. கீழே இறங்கி மெடிக்கல் ஷாப்காரரிடம் போய், "திருநெல்வரைக்கும் கொண்டாந்துட்டேன்" என்றேன். அவர் எனக்குத் தலைவலி மாத்திரை எடுத்துக் கொடுத்தார்.

புதன்கிழமை 'திரு' ஆயிற்று. அன்றைக்குத்தான் அத்தான் ஆபீஸ் முடிந்து, பையோடு மாடி ஏறி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கீபோர்டின் முன்னால் உட்கார்ந்து, ஒரு ஞானப்பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். சத்தம் வயிற்றுக்குள் போய்த் திரும்பியது. முடித்துவிட்டு விரல்களை உதறிக்கொண்டார்.

"போதும்லே. நல்லாத்தான இருக்கு."

"என்ன அத்தான் நல்லா இருக்கு? இன்னும் திரு பாக்கி இருக்கு."

"என்னது பாக்கி இருக்கு?"

விளக்கினேன். கட்டையை அமுக்கி, திரு என்று சொல்லி, பிறகு வருகிற சத்தத்தைச் சுட்டிக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இருந்துட்டுப் போவுது. எனக்கு ஒண்ணும் தெரியலை. விடுலே."

எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. பாவம், தாலுகா ஆபீஸ்காரர், தாமதம் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கலைஞனுக்கு உண்மையான கருவி எப்படி இருக்க வேண்டும் என்று நான் காட்டுகிறேன் என்று அக்காவிடம் அன்றைக்குச் சபதமே போட்டேன். அக்கா தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "அவருதான் போதும்னுட்டாரே, பொறவு எதுக்குல நோண்டுத?" என்றாள்.

இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதுதான் விஞ்ஞானிக்கு அழகு என்று மறுபடியும் நோண்டப் போனேன்.

வியாழக்கிழமை அப்பளம் மட்டும்தான். தள்ளுகட்டையை அதற்குமேல் இடப்பக்கம் ஒரு நூல் தள்ளினாலும் பொரிந்தது. மவுசை அசைத்தால் பொரிந்தது. பக்கத்துக் கடையில் மிக்ஸி போட்டாலும் பொரிந்தது. கடைசியில் வெள்ளிக்கிழமை திருப்புளியை எடுத்துக்கொண்டு பெட்டியைத் திறந்துவிட்டேன். உள்ளே சவுண்ட் கார்டும், போன் வயரை மாட்டுகிற மோடம் கார்டும் ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருந்தன. இரண்டும் கம்ப்யூட்டரை ஒரே வாசலில் நின்று தட்டிக் கூப்பிடுகின்றன என்று எனக்கு ஒரு சந்தேகம். மோடத்தைப் பிடுங்கி மேஜையில் போட்டேன். சவுண்ட் கார்டைக் கழற்றி, கடைசி வரிசையில் தனி வீடு பார்த்துக் குடிவைத்தேன். பெட்டியை மூடாமலேயே சுவிட்சைப் போட்டேன். தள்ளுகட்டையை ஒரே இழுப்பில் இடதுகோடிக்கு இழுத்துவிட்டுக் கட்டையை அமுக்கினேன்.

'தி' என்று சொல்ல நாக்கு மேலே போவதற்குள் சத்தம் வந்துவிட்டது!

அப்பளம் இல்லை. பொரியல் இல்லை. விரலும் சத்தமும் ஒன்றாக இருந்தன. இன்னொரு கட்டை. உடனே. பத்து விரலையும் போட்டு அமுக்கினேன். உடனே, உடனே, உடனே! எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் தெரிந்த ஒரே ஒரு பிறந்தநாள் பாட்டை ஒற்றை விரலால் பைப் ஆர்கனில் முழங்கினேன். வகுப்புக்கு வந்தவர்கள் வாசலிலேயே செருப்போடு நின்றுவிட்டார்கள். அன்றைக்கு அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அந்த மனநிலையில் என்னால் யாருக்கும் டைப்பிங் சொல்லிக்கொடுக்க முடியாது.

சனிக்கிழமை மத்தியானம் ஆட்டோவில் கம்ப்யூட்டரை ஏற்றி, மானிட்டரைப் புதுப்பெண்ணைப்போல மடியில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அத்தான் தன் மாடி பெஞ்சை விட்டு இறங்க முடியாது என்று சொல்லிவிட்டார். ஆகவே செத்துக் கிடந்த ஆர்கனின் முன்னால் ஒரு பலகை போட்டு, அதன்மேல் கீபோர்டு, பக்கத்தில் கம்ப்யூட்டர், யு.பி.எஸ். எல்லாம் வைத்தோம். லாரிக் கண்ணாடி வழக்கம்போல மேலே. ஸ்பீக்கர்களை மட்டும், பாடுகிறவர்களுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று, நீளமான வயர் இழுத்துக் கோயிலின் அந்தக் கோடியில் பாடகர் குழுவின் இரண்டு பக்கமும் நிறுத்தினேன். எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று நானே எட்டி நின்று பார்த்துக்கொண்டேன்.

பாடகர் குழுவை நடத்துகிறவர் ஒரு கணக்கு டீச்சர். கையில் குச்சி இருக்காது. ஆனால் இருப்பதுபோலவே எல்லாரும் நிற்பார்கள். செயலாளர் நடுவரிசையில் குடையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சர் கையை உயர்த்தினார். அத்தான் கண்ணாடியைப் பார்த்துக் கையை வைத்தார்.

ஆர்கன் முழங்கியது. அதற்குப் பிறகு பாட்டு வந்தது.

பிறகு என்றால் ஒரு சரணம் பிறகு இல்லை. ஒரு சின்ன இடறல். படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, படி இல்லாமல் போவோமே, அந்த மாதிரி. பாடகர்கள் வாயைத் திறப்பதற்குள் ஆர்கன் அடுத்த இடத்துக்குப் போயிருந்தது. அவர்கள் விரட்டிப் பிடித்தார்கள். அவர்கள் வேகமாவதைக் கேட்டு அத்தானும் வேகம் கூட்டினார். இரண்டு பேரும் திருச்செந்தூர் ரோட்டில் போட்டி போடுகிற தனியார் பஸ் மாதிரி பறந்து, இயேசு பிறப்பதற்கு முன்பே இடையர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

டீச்சர் கையை இறக்கினார். "அண்ணன் முந்துதாங்க."

"நான் முந்தலை. நீங்கதான் பிந்துதிய" என்று மாடியிலிருந்து பதில் போயிற்று.

"நாங்க எப்பவும் பாடுற மாதிரித்தான் பாடுதோம்."

"நானும் எப்பவும் வாசிக்க மாதிரித்தான் வாசிக்கேன்."

இரண்டாம் தடவையும் அப்படித்தான். மூன்றாம் தடவை இன்னும் மோசம். ஆண்கள் ஆர்கனோடும் பெண்கள் டீச்சரோடும் போய்விட்டார்கள். நான் மாடிக்கும் கீழேயும் ஓடி ஓடி வயர்களைத் தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கம்ப்யூட்டரில் தாமதமே இல்லை! கட்டையை அமுக்கினால் உடனே கேட்கிறது! இதைவிட ஒரு கருவி என்ன செய்ய முடியும்?

செயலாளர் எழுந்தார். யாரையும் பார்க்காமல் குடையைத் தட்டி நேராக்கினார். "நான் எதுக்க எஸ்.டி.டி. பூத்துக்குப் போயிட்டு வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அத்தான் என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கைக்குட்டையை எடுத்து, இரவல் கீபோர்டின் கட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். வீட்டில் விருந்தாளி போன பிறகு மேஜையைத் துடைக்கிற மாதிரி. கண்ணாடிக்குள், செயலாளர் ஒரு விரல் நீளத்துக்குச் சின்னதாகி வாசலைத் தாண்டிப் போவது தெரிந்தது.

"டீச்சர், இன்னொரு மட்டம் பாடிருவமா?" என்றார் கடைசியில். குரல் தாலுகா ஆபீஸ் குரலாக ஆகிவிட்டிருந்தது.

ஆரம்பித்தார்கள். முதல் அடி தாண்டுவதற்குள் கரண்ட் போய்விட்டது.

ஸ்பீக்கர் செத்தது. யு.பி.எஸ். மட்டும் கீ கீ என்று கத்திக்கொண்டு கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுத்தது. வேறு ஊர்க் குழுவாக இருந்தால் பாட்டு நின்றிருக்கும். எங்கள் கோயிலில் ஆர்கன் மோட்டார் இப்படிப் பாதியில் நிற்பது வழக்கம் என்பதால், கரண்ட் போனாலும் பாட்டு நிற்காது. எப்போது வந்தாலும் சேர்ந்துகொள்ளட்டும் என்று அத்தானும் விரலை எடுக்க மாட்டார். ஆகவே அவர்கள் அங்கே பாடிக்கொண்டிருந்தார்கள். இவர் இங்கே சத்தமில்லாத கீபோர்டில் வாசித்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் யு.பி.எஸ்.ஸைத் தட்டிக்கொண்டு குந்தியிருந்தேன்.

சத்தமில்லை என்று சொன்னேன். ஒரே ஒரு சத்தம் இருந்தது. பிளாஸ்டிக் கட்டைகள் அடியில் போய் இடிக்கிற 'டக்'.

டக், பிறகு பாட்டு. டக், பிறகு பாட்டு. ஒவ்வொரு தடவையும் டக் முதலில் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அதே அளவு இடைவெளி. எனக்கு வாரம் முழுக்கப் பழகிப்போன வேலையை என் வாய் தானாகச் செய்தது. டக் விழும்போது முணுமுணுத்தேன். "திரு." பாட்டு. "திரு." பாட்டு. அச்சு அசலாக 'திரு'!

மயிர்க்கூச்செறிந்தது என்று எழுதுவார்களே, எனக்கு முழங்கால்வரை எறிந்தது.

"அத்தான்! நீங்கதான் முந்துதிய!"

"ஏலே, நீயுமா?"

"இல்ல அத்தான், நீங்க முந்தித்தான் ஆகணும்! இத்தனை வருஷமும் முந்திக்கிட்டேதான் இருந்திருக்கிய!"

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத முடியாது. ஆனால் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தக் கிழட்டு ராட்சசன் கட்டையை அமுக்கினால் யோசித்துத்தான் பாடுவான். அந்தப் பாட்டும் கோயிலின் முழு நீளத்தையும் நடந்து போய்த்தான் பாடகர் குழுவைச் சேர வேண்டும். ஆகவே எல்லாம் அங்கே ஒன்றாகக் கேட்க வேண்டுமென்றால் இங்கே விரல் முன்னாலேயே புறப்பட வேண்டும். இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது. விரல்கள் மட்டும் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொண்டு, ஞாயிறுதோறும் முந்தியே புறப்பட்டிருக்கின்றன. ஆபீசில் ஒரு ஃபைலைக்கூட முந்தி நகர்த்தி அறியாத மனிதர்!

நான் என்ன செய்திருக்கிறேன்? ஒரு வாரம் மெனக்கெட்டு, மீனைக் கொன்று, அருவியை நிறுத்தி, மோடத்தைப் பிடுங்கி, அவர் நம்பி இருந்த தாமதத்தை அடியோடு ஒழித்திருக்கிறேன். புதன்கிழமையே அவர் "போதும்லே" என்றார். எனக்குத்தான் போதவில்லை.

கம்ப்யூட்டர் மேல் பாய்ந்தேன். யு.பி.எஸ். இப்போது மூச்சு வாங்குகிற மாதிரி அடுக்கடுக்காகக் கத்த ஆரம்பித்திருந்தது. அது உயிரை விடுவதற்குள் கரண்ட் வர வேண்டும், எஸ்.டி.டி. பூத்தில் நாகர்கோவில் கிடைப்பதற்குள் எனக்கு ஒரு சரணம் வேண்டும். மவுசைப் பிடித்து, என் வெற்றிச் சின்னமாக இடதுகோடியில் நின்ற தள்ளுகட்டையை வலப்பக்கம் தள்ளினேன். அவசரத்தில் அது பாதித் திருநெல்வேலிக்குப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. ஸ்பீக்கர் உயிர்த்து, ஆர்கன் பாட்டுக்குப் பின்னால் கிழவரைப்போலத் தள்ளாடி வந்தது. பாடகர் குழுவில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

"என்னலே பண்ணுத?" என்று அத்தான் கத்தினார். விரல் மட்டும் நிற்கவில்லை.

"நிறுத்தாதிய அத்தான்! வாசியுங்க! டீச்சர், பாடுங்க, பாடிக்கிட்டே இருங்க!"

கொஞ்சம் இடப்பக்கம். இன்னும் பின்னால்தான் வருகிறது. இன்னும் கொஞ்சம். ஐயோ, முந்திவிட்டது. பைய, பைய, ஒரு நூல் வலப்பக்கம். உதட்டுக்குள் திரு, திரு என்று சொல்லிக்கொண்டே தள்ளினேன். ஒரு இடத்தில் ஆர்கனும் பாட்டும் ஒன்றன்மேல் ஒன்று வந்து உட்கார்ந்தன.

தெரிந்துவிட்டது. எனக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும். பாடிக்கொண்டிருந்தவர்களின் முதுகு நிமிர்ந்தது. டீச்சரின் கை அதுவரை ஆர்கனை விரட்டிக்கொண்டிருந்தது. இப்போது இளகி ஊஞ்சல் மாதிரி ஆடியது. அத்தான் கண்ணாடியை ஒரு தடவை பார்த்தார். தாலுகா ஆபீஸ் கீழே இறங்கிப் போய், டிரைவர் ஏறி உட்கார்ந்தார். கடைசிச் சரணத்துக்குப் போகும்போது அவர் என்னென்ன பொத்தானைத் தட்டினாரோ, கோயில் ஜன்னல் கண்ணாடி எல்லாம் அதிர்ந்தது. நான் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சுரம் தெரியாமல், வெட்கம் இல்லாமல், தொண்டை கிழியக் கூடவே பாடினேன்.

பாட்டு முடிந்தபோது வாசலில் செயலாளர் நின்றுகொண்டிருந்தார். குடை பாதி விரிந்திருந்தது.

"என்ன வே இது? பூத்துக்குள்ள இருக்கேன், காதுல நாகர்கோவில்காரன் ஹலோ ஹலோங்கான், இன்னொரு காதுல இது வருது. இதை முதல்லயே வாசிச்சிருக்கப்பிடாதா?"

"பொட்டியில ஒரு சின்னக் கோளாறு அண்ணாச்சி" என்றார் அத்தான் மாடியிலிருந்து, சர்வ சாதாரணமாக. "மாப்ள சரி பண்ணிட்டான்."

"நாகர்கோவில்காரன் இன்னும் லைன்லதான் நிக்கான்."

"நின்னா கால் வலிக்குமே. வேண்டாம்னு சொல்லி உக்காரச் சொல்லுங்க."

டீச்சரே சிரித்துவிட்டார். செயலாளர் குடையை மடக்கிக்கொண்டு, வந்த வேகத்தில் பூத்துக்குத் திரும்பினார். அவர் போன பிறகு நான் அத்தானிடம் விஷயத்தைச் சொல்லிப் பார்த்தேன். ராட்சசன், காற்று, கோயிலின் நீளம், டக், திரு எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன்.

"நான் ஒண்ணும் முந்தலைலே" என்றார். "தாளம் எனக்குத் தெரியாதா? நீ பொட்டியை ஒழுங்கா வச்சிருக்கலை. இப்ப வச்சிருக்க. அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேரல் சர்வீஸ். உள்ளே இடமில்லாமல் ஜன்னல் பக்கமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். நான் மாடியில் அத்தானின் காலடியில், கம்ப்யூட்டரைத் தெரியாமல்கூட யாரும் தொட்டுவிடக் கூடாது என்று அதைச் சுற்றி இரண்டு கையையும் போட்டு, தரையில் உட்கார்ந்திருந்தேன். புதுச் சட்டை முழுக்க ஆர்கன் தூசி. முதல் பாட்டு வந்தது. ஆர்கனும் ஆயிரம் குரலும் ஒரே நேரத்தில் எழுந்தன. கீழே அக்கா கழுத்தை வளைத்து மாடியைப் பார்த்தாள். அவள் தலையைத் திருப்பி மேலே பார்த்தது என்னையா, அவரையா என்று தெரியாது. நான் என்னையே என்று வைத்துக்கொண்டு கையை ஆட்டினேன்.

இரண்டாவது பாட்டும் ஆயிற்று. வேதவாசிப்புக்காக எல்லாரும் உட்கார்ந்தபோது அத்தான் என் பக்கம் குனிந்தார்.

"ஏலே, அதை இன்னும் கொஞ்சம் கூட்டு."

"எதை?"

"அந்த உன் இழுவையைத்தான். டீச்சர் ரெண்டாவது பாட்டுல லேசாப் பிந்துனாங்க. நீ கூட்டினாதான் அவங்களுக்குச் சௌகரியமா இருக்கும்."

தள்ளுகட்டையைப் பார்த்தேன். அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. அதைத் தொட எனக்கென்ன பைத்தியமா? மவுசின்மேல் கையை வைத்து, தோளை மட்டும் கொஞ்சம் அசைத்தேன். முகத்தில் ஒரு விஞ்ஞானியின் கவனத்தை வரவழைத்து, திரையை உற்றுப் பார்த்து, தலையை ஆட்டினேன். "வச்சாச்சு அத்தான்."

மூன்றாவது பாட்டு புறப்பட்டது. முதல் சரணம் முடியவும் அத்தான் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், வாசித்துக்கொண்டே, வாயின் ஓரத்தால் சொன்னார்.

"பாத்தியா? இப்பதாம்லே டீச்சர் சரியா வாராங்க."